ஆர் கண்டது? – கற்பனை நாடொன்றின் வதந்திகள்

வதந்தி என்னும் சொல்லுக்கு எம்மிடையே நல்ல பெயர் இல்லை. ஒருவர் கூறியதை, அவருக்குக் கூறியவர் யாரென்று கேளாமலே இன்னொருவருக்குக் கூறுவது வதந்தி. அதனை ஆக்குபவர் தம்மை வெளிப்படுத்துவதில்லை. பரப்புபவர் தாம் பரப்புவதாக எண்ணுவதுமில்லை. இத்தகைய ஒன்றை, மேசையிலமர்ந்து, கொப்பியும் பென்சிலும் எடுத்து, இலக்கமிட்டு, எது மெய் எது பொய் என ஓரத்திலே குறித்து ஆக்குவோரும் உளர். அவர்களுள் நானும் ஒருவன். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளில் எமது விடுதியில் நண்பர் ஐவருடன் நடத்திவரும் ஆட்டமொன்றின் பொருட்டு ஏறத்தாழ நூறு வதந்திகளை எழுதியிருக்கிறேன். அத்தொழில் எனக்கு உணர்த்திய ஒன்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தை அறியாதாருக்காக அதன் தோற்றம் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிறு நகரிலிருந்து ரி. எஸ். ஆர். என்ற வெளியீட்டகம், மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியொன்றை வெளியிட்டது. 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ணசன் என்னும் இருவர். சிறு உருவங்களைப் படைகளாக மேசைமேல் நிறுத்தி வரலாற்றுப் போர்களை மீள நடத்திப் பார்க்கும் ஆட்டங்களிற் பழகியவர்கள் அவர்கள். அவர்கள் செய்த மாற்றம் எளியது. ஆனால் விளைவு பெரியது. ஆடுபவர் ஒருவருக்கு ஒரு படை என்றிருந்ததை ஒருவருக்கு ஓர் ஆள் என்று ஆக்கினர். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைக் கற்பித்துக்கொள்வர். நடத்துநர் ஒருவர் அவர்கள் காணும் உலகை விவரிப்பார். அவர்கள் தாம் செய்யப்போவதைக் கூறுவர். முடிவு ஐயத்துக்கிடமான செயல்களைப் பகடை தீர்த்துவைக்கும். வென்றவர் தோற்றவர் என எவருமிலர். இன்று விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடங்கும். ஓர் ஆட்டம் ஆண்டுக்கணக்கிலும் தொடரலாம். எம்மவர்க்கு விளங்கக் கூறுவதாயின், நடத்துநர் அண்ணாவியாரைப் போன்றவர். ஆயின் அவரிடம் கூத்துக் கொப்பி கிடையாது. கூத்தர்கள் என்ன பாடப்போகிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

இக்காரணத்தாலேயே வதந்தி இன்றியமையாததாகிறது. ஆடுவோர் ஐவரும் ஒரு சத்திரத்திலே அமர்ந்திருக்கிறார்கள் எனக் கொள்வோம். அவர்கள் எங்கும் போகலாம்; எதுவும் செய்யலாம். 'வடக்கே போங்கள், அங்கே பாழடைந்த கோட்டை உண்டு' என்று நடத்துநர் பணித்தால், ஆட்டம் அவருடையதாகிவிடும். மற்றையோர் அவர் கதைக்குத் தலையாட்டும் பொம்மைகளாவர். அவர் ஒன்றும் கூறாதிருந்தால் ஐவரும் சத்திரத்திலேயே இருந்து எழும்புவர். கட்டளையும் அன்று, மௌனமும் அன்று என்னுமாறு இரண்டுக்கும் இடையே ஒரு வழி வேண்டும். பக்கத்து மேசையிலிருக்கும் உப்பு வணிகன், 'கணவாய்ப் பக்கம் போன வண்டிகள் திரும்பவில்லையாம்' என்று தன் தோழனுக்குக் கூறுவது இவர்கள் செவியில் விழுகிறது. போவதும் போகாததும் அவர்கள் விருப்பம். இதனைத் தூண்டில் என்பது ஆடுவோர் வழக்கு. விழுங்குவதா விலகுவதா என்பது மீனின் கையிலே உள்ள தூண்டில் இது.

இக்கலையின் தொடக்கநிலை எடுத்துக்காட்டுகள் இரண்டு அச்சிலே உள்ளன. ஒன்று, புதிதாக நடத்தப் பழகுவோருக்கென மைக் கார் என்பவர் எழுதியது. மற்றையது கைகாக்ஸ் எழுதிய எல்லைப்புறக் கோட்டை பற்றிய ஆட்டநூல். இரண்டும் 1970களின் இறுதியில் வெளிவந்தவை. தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டமையால் பலர் கைகளைச் சென்றடைந்தவை. இரண்டிலும் வதந்தி அட்டவணை உண்டு. கைகாக்ஸின் அட்டவணையில் இருபது செய்திகள். இருபது முகங்கொண்ட பகடையை உருட்டினால் விழும் எண்ணுக்குரிய செய்தியை ஆடுபவர் கேள்விப்பட்டிருப்பார். ஒவ்வொன்றும் மெய்யா பொய்யா என்பது நடத்துநருக்கு மட்டும் தெரியும்படி குறிக்கப்பட்டிருக்கும். குகைகளிலே வணிகனொருவன் சிறைப்பட்டிருக்கிறான், மீட்போருக்கு வெகுமதி கிட்டும் என்பது அவற்றுள் ஒன்று, அது மெய். கொப்ளின் எனப்படும் குறுங்கூளிகளின் மொழியில் 'பிரீ-யார்க்' என்றால் 'சரணடைகிறோம்' என்று பொருள் என்பது மற்றொன்று, அது பொய். உண்மையில் அது தம்மினத்தாரைச் சண்டைக்கு அழைக்கும் அபாயக் குரல். இப்பொய்யின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அதனை நம்பியவன், கூளிகள் துணைக்கு ஆள் அழைக்கும் அதே கணத்திலே தன் வாளைத் தாழ்த்திவிடுவான். பொய் அவனிடத்தில் வெறும் அறியாமையாக நின்றுவிடவில்லை. தவறான வேளையிலே தவறான செயலாக மாறிவிடுகிறது.

1977இல் வெளிவந்த 'ட்றவலர்' என்னும் விண்வெளி ஆட்டம் இவ்வுத்தியை இன்னொரு படி உயர்த்தியது. அதற்கென 1980இல் வெளிவந்த துணைநூலொன்றிலே உதவி வேண்டி வருவோர் பலரின் கோரிக்கைகள் தரப்பட்டுள்ளன. ஒரே கோரிக்கைக்குப் பின்னால் பல்வேறு உண்மைகள் எழுதப்பட்டிருக்கும்: வந்தவர் கூறியது முழுவதும் சரி என்பது ஒன்று; அவரே குற்றவாளி என்பதைப் போல்வது இன்னொன்று. எது உண்மை என்பதை நடத்துநர் பகடை உருட்டித் தெரிந்துகொள்ளலாம். எனவே அந்நூலைத் திருட்டுத்தனமாகப் படித்தவருக்குங்கூட உண்மை தெரிந்துவிடாது. போய்ப் பார்த்தே அறிதல் வேண்டும்.

எமது ஆட்டம் நிகழும் நாடு ஓர் ஆற்றினால் தொடுக்கப்பட்ட ஏழு குளங்களைக் கொண்டது. மேற்கே மலை, கிழக்கே கடல். பனிபடர்ந்த கோட்டைகளையும் ஓக் மரக் காடுகளையும் விவரிக்க என் நாவுக்குப் பழக்கமில்லாமையால் வண்டலும் மதகும் வான்கதவும் உள்ள நாடொன்றைப் படைத்துக்கொண்டேன். என் கொப்பியிலிருந்து சில வதந்திகளை இங்கே தருகிறேன்.

கலங்கரை விளக்கின் காவலன் இறந்து ஒரு மாதமாகிறது. ஆயினும் விளக்கு ஒவ்வோர் இரவும் எரிகிறது. (மெய். அவனுடைய பதினொரு வயது மகள் தந்தையின் இறப்பை மறைத்து விளக்கேற்றுகிறாள். தெரிந்தால் வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள்.)

மலைக்கணவாயில் உப்பு வண்டிகள் மாடுகளோடு மறைகின்றன. இரவிலே மாட்டு மணியோசை மட்டும் கேட்கிறது. (பாதி மெய். வண்டிகள் மறையவில்லை. சுங்கத்துக்கு அஞ்சி வணிகர்களே பழைய பாதையொன்றால் ஓட்டிச் செல்கின்றனர். பேய்க் கதையைக் கட்டிவிட்டவர்களும் அவர்களே.)

மூன்றாங்குளம் வற்றினால் அதன் நடுவே வெண்கலக் கதவொன்று தெரியும். (மெய். ஆனால் குளம் வற்றவேண்டுமெனில் கீழுள்ள நான்கு ஊர்களின் பயிர் கருகவேண்டும்.)

ஐந்தாங்குளத்து மருத்துவச்சி ஊர்க்கிணற்றில் நஞ்சிட்டாள்; பிள்ளைகள் இறந்துபோயினர். (பொய்.)

இவ்வாறு எழுதி எழுதிச் சில நெறிகளை நான் வகுத்துக்கொண்டேன். முதலாவது, நல்ல வதந்தியிலே ஓர் இடமும் ஓர் ஆளும் ஒரு குறையும் இருத்தல் வேண்டும். 'காட்டிலே ஆபத்து' என்பது வதந்தியாகாது. அதைக் கேட்டு எழுந்து நடப்பார் எவருமிலர். இரண்டாவது, பொய்யான வதந்திக்கும் ஒரு தாய் வேண்டும். அதனால் இலாபமடைபவர் ஒருவரோ, அரைகுறையாய்க் கேட்டவர் ஒருவரோ, அச்சத்தால் மிகைப்படுத்தியவர் ஒருவரோ உலகில் எங்கேனும் இருத்தல் வேண்டும். காரணமற்ற பொய் ஆடுவோரை ஏமாற்றுவதற்கென நடத்துநர் வைத்த பொறியேயன்றி உலகின் பகுதியன்று. மூன்றாவது, உண்மையை அறிய வழி ஒன்றுக்கு மேற்பட்டிருத்தல் வேண்டும். ஒரே தடயத்தை மறைத்துவைத்து, அதைக் காணவில்லையே என்று அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. நான்காவது, கவனியாது விட்ட வதந்தி அப்படியே நிற்றல் ஆகாது. காவலனின் மகளைத் தேடிப்போக எவரும் முன்வராத காரணத்தால் மூன்றாம் மாதம் விளக்கு அணைந்தது. ஒரு தோணி பாறையிலே மோதியது. அதுவும் சத்திரத்திலே செய்தியாக வந்தது.

டிராகன்களும் கூளிகளும் உலவும் மேலைநாட்டு ஆட்டமொன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க இதழிலே எழுதுவானேன் என்று கேட்கக்கூடும். இது யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் முயற்சி என்று கூறுவோரும் உளர். அவர்களோடு வாதிடுவதைவிட, எமது இலக்கியம் வாய்ச்சொல்லை எவ்வாறு வகைப்படுத்திற்று என்று நோக்குதல் பயனுடைத்து. விரிவுரைகளிலே தனித்தனியே படித்த மூன்று, வதந்திக் கொப்பியின் முன்னிலையிலே ஒன்றாக என் நினைவுக்கு வந்தன.

ஒன்று அலர். காதலரைப் பற்றிச் சிலர் மட்டும் முணுமுணுப்பது அம்பல். அது பலரறியப் பரந்தால் அலர். வள்ளுவர் அதற்கென 115ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளார். அலருக்கு உரியவர் எவருமிலர், ஊரே உரியது. ஆயினும் அகப்பாடல்களிலே அது கதையை நகர்த்தும் விசையாக நிற்கிறது. அலர் எழுந்ததைத் தோழி எடுத்துரைத்தே தலைவனை மணத்துக்கு விரைவிக்கிறாள். இரண்டாவது விரிச்சி. ஆநிரை கவரப் புறப்படும் மறவர், வழியிலுள்ள பாக்கத்திலே அயலார் வாயிலிருந்து தற்செயலாக எழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வர். முல்லைப்பாட்டிலே, தாயைப் பிரிந்து வருந்தும் கன்றுக்கு ஆய்மகள் கூறும் ஆறுதல், தலைவியின் பொருட்டு விரிச்சி கேட்க நிற்கும் முதுபெண்டிர்க்கு நற்சொல்லாகிறது. சொன்னவளுக்குத் தான் என்ன சொன்னேன் என்பது தெரியாது. மூன்றாவது ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறியவனாய் எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழி காட்டுகிறான். மலைபடுகடாத்திலே நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு, எங்கே பன்றிப்பொறி உண்டு, எங்கே தினைப்புனக் காவலர் கவண்கல் எறிவர் என்றெல்லாம் கூறப்படுகிறது. அவன் போய்வந்தவன், அதனால் வழியின் இடையூறுகளும் அவனுக்குத் தெரியும்.

சத்திரத்திலே விழும் செய்திகளெல்லாம் இம்மூன்றனுள் அடங்கிவிடுகின்றன. ஊர் சொல்வது, ஒருவர் அறியாது சொல்வது, கண்டவர் சொல்வது. இவற்றின் வேறுபாடு செய்தியிலே இல்லை. அதன் பின்னால் நிற்பவரிலே உள்ளது. இன்னொன்றும் கருதத்தக்கது. வெட்சித் துறைகளை வகுத்த தொல்காப்பியர் விரிச்சியோடு நின்றுவிடவில்லை. நிமித்தம் கேட்ட மறவர் நேரே பாய்ந்துவிடுவதில்லை. பகைப்புலத்தை ஒற்றர் மூலம் ஆராய்ந்தறியும் வேய் என்னும் துறை அதன்பின் வருகிறது. கேட்டலுக்கும் செய்தலுக்கும் இடையே ஒரு காண்டல். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தவறவிட்டது அதனையே. பொற்கொல்லன் சொல் அவன் செவியில் விழுந்தது, ஆணை பிறந்தது, இடையிலே ஒருவரும் சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை. மாணிக்கமா முத்தா என்ற ஒரு கேள்விக்கு வேண்டிய நேரத்தை அவன் எடுத்திருந்தால் மதுரை எரிந்திராது.

இனி, ஐந்தாங்குளத்து மருத்துவச்சியின் வதந்திக்கு வருகிறேன். அதன் பின்னாலிருந்த உண்மையை முன்னரே எழுதிவைத்திருந்தேன். ஊர்த்தலைவன் தன் புதுவயலுக்கு நீரைத் திருப்பும்பொருட்டு வாய்க்காலைக் கல்லடுக்கி மறித்திருந்தான். அதனால் கிணற்றுப் பக்கத்து நீர் தேங்கி நாறியது. இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. எவரும் இறக்கவில்லை. மருத்துவச்சி வாய்க்காலைப் பார்க்கும்படி கூறியதனாலேயே அவள்மீது பழி விழுந்தது.

நண்பர்கள் அவ்வதந்தியை முதலில் ஆற்றுத் துறையிலே கேட்டனர். ஓடக்காரன் ஏழு பிள்ளைகள் இறந்ததாகக் கூறினான். சந்தையிலே மறுபடியும் கேட்டனர், அங்கே ஐந்து. கோயில் வாசலில் மூன்றாம் முறை, அங்கே மூன்று. மூவர் கூறியபடியால் ஐயத்துக்கு இடமில்லை என்பது ஐவருள் மூவரின் முடிபாயிற்று. வீரனாக ஆடும் நண்பன் எழுந்து நின்று, "மச்சான், ஊரே சொல்லுது. இனி என்னத்தை விசாரிக்கிறது?" என்றான். அவர்களிடம் வாள் இருந்தது, மந்திரம் இருந்தது, நியாயம் தம்பக்கம் என்ற உறுதியும் இருந்தது. அன்றிரவே குடிசைக்குப் போவதென்று தீர்மானிக்கும் நிலை வந்தது.

புவியியல் படிக்கும் நண்பன் ஒருவன் அதுவரை பேசாமல் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். ஊரை நெருங்க நெருங்க இறந்த பிள்ளைகளின் தொகை குறைகிறது என்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். ஏழு, ஐந்து, மூன்று. "இன்னும் கிட்டப் போனால் ஒருத்தரும் செத்திருக்காயினம்" என்றான். மூன்று சாட்சிகள் என்று எண்ணியிருந்தது மூன்று செவிகளே என்பது அப்போது மற்றையோருக்குப் புலனாயிற்று. மூவரிடமும் அவர்கள் கேளாதிருந்த கேள்வியைக் கேட்கும்பொருட்டு வந்த வழியே திரும்பினர். கோயில் வாசலிலிருந்தவர் சந்தையிலே கேட்டதாகக் கூறினார். சந்தைக்காரி ஓடக்காரனிடம் கேட்டதாகக் கூறினாள். ஓடக்காரனுக்குக் கூறியவன் ஊர்த்தலைவனின் மைத்துனன். துறையில் முளைத்த கதை ஊர் நோக்கி நடந்துவந்திருந்தது. பிள்ளைகளின் வீடுகள் கிட்ட வரவர, கேட்போர் நம்பக்கூடிய அளவுக்குத் தொகையைத் தானே குறைத்துக்கொண்டது. அவர்கள் கிணற்றுக்குப் போய் வாய்க்காலிலே கல்லடுக்கைக் கண்டபொழுது இரவாகிவிட்டது. குடிசைப் பக்கம் தீப்பந்தங்கள் தெரிந்தன. வாள் உருவி ஒருவரையும் வெட்டாமல், குடிசை வாசலிலே ஐவரும் நிற்க, அன்றைய ஆட்டம் முடிவுற்றது.

வழக்கமாக ஆட்டம் முடிந்ததும் சிரிப்பும் கேலியும் இருக்கும். அன்று எவரும் எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பின்னர் வீரனாக ஆடும் நண்பன், தன் தாத்தா கூறியதொன்றைச் சொன்னான்.

1983 யூலையிலே அவர் கொழும்பில் கடையொன்றிலே கணக்கெழுதுபவராக இருந்தார். கடை எரிந்தபின் உடன் வேலைசெய்த சிங்கள நண்பர் ஒருவர் அவரைத் தம் வீட்டிலே மறைத்துவைத்திருந்தார். அம்மாதம் 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் நகரினுள் புகுந்துவிட்டனர் என்ற வதந்தி கொழும்பெங்கும் பரவியது. கந்தோர்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் சனங்கள் தெருவிலே இறங்கி ஓடினர். வந்த புலி எதுவுமில்லை. ஆனால் அச்சம் வெறியாக மாறியது. அன்றும் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அவ்வேளையிலே, தம் உயிரைப் பணயம் வைத்து அவரைக் காத்துநின்ற அந்த நண்பர் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்து, கட்டிலின் கீழே ஒளிந்திருந்தவரிடம் குனிந்து, "உங்கட ஆக்கள் வாறாங்களாம், மெய்யோ?" என்று கேட்டாராம். கேட்டவரின் முகத்திலே இருந்தது பகையன்று, மெய்யான பயம் என்று தாத்தா கூறுவாராம். "ஓடினவை எல்லாரும் சொன்னது ஒண்டைத்தான். ஆர் கண்டது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்பதோடு அவர் அந்தக் கதையை நிறுத்திவிடுவாராம்.

நண்பன் அதனை எமக்கு முன்னர் ஒருபோதும் கூறியதில்லை. அரை மணி நேரத்துக்கு முன் "ஊரே சொல்லுது" என்றவனும் அவனே. அவ்விரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தமை பற்றி நான் பின்னர் நெடுநேரம் சிந்தித்தேன். வதந்தியால் அல்லலுற்ற குடும்பத்திலே பிறந்தவர்க்கும், அடுத்த வதந்தி தம் பகைவரைப் பற்றியதாயின் அது செய்தியாகவே ஒலிக்கிறது. துன்பம் தானாக எவருக்கும் ஐயுறக் கற்பிப்பதில்லை. அது தனியே பழகவேண்டியதொன்று.

இங்கே ஆட்டத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள முதன்மையான வேறுபாட்டைக் கூறுதல் வேண்டும். ஆட்டத்திலே என் கொப்பியின் ஓரத்தில் மெய், பொய் என்ற குறிப்பு உண்டு. கடைசியிலே பொறுப்புக் கூறவேண்டியவன் நான் அங்கேயே அமர்ந்திருக்கிறேன். வாழ்விலே அந்த ஓரம் வெறுமையாக உள்ளது. ஆனால் இதனினும் ஆழமான வேறுபாடொன்று உண்டு. ஆட்டத்திலே வதந்தி, 'போய்ப் பார்' என்று சொல்கிறது. அதற்காகவே அது எழுதப்படுகிறது. போகாவிட்டால் ஆட்டமே இல்லை. வாழ்விலே எம்மை வந்தடையும் வதந்தியோ, போய்ப் பாராமலே செய்வதற்கு அனுமதி வழங்குகிறது. பகிர், வெறு, ஓடு, எரி. ஆனால் நட என்று மட்டும் அது ஒருபோதும் கூறுவதில்லை. ஓடக்காரன் வாயால் ஒரு நாளில் மூன்று ஊர் சென்ற கதை இன்று கைப்பேசியின் வழியே ஒரு நொடியில் நாடு முழுவதும் செல்கிறது. வேகம் மாறியுள்ளது; கேளாது விடப்படும் கேள்வி மாறவில்லை.

ஆகவே இவ்வாட்டம் எம்மை வாழ்விலிருந்து தப்புவிக்கிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், கேட்டதற்கும் செய்வதற்கும் இடையிலே உள்ள வழியை நடந்து பழகுகிறோம். தவறினால் இறப்பது கற்பனை மருத்துவச்சி. அதனால் அச்சமின்றிப் பழகலாம். பழக்கம் முற்றுமுழுதாக வெளியே வரும் என்று நான் உறுதிகூற முடியாது. ஆயினும் பரீட்சை பிற்போடப்பட்டதென்றோ, யாரோ ஒருவருடைய நடத்தை பற்றியோ விடுதியிலே செய்தி அடிபடும்போதெல்லாம், எம்மவருள் ஒருவன் தலைநிமிர்த்தி "ஆர் கண்டது?" என்று கேட்பது வழக்கமாகியுள்ளது. முதலிலே பகிடியாகத்தான் கேட்டோம். இப்போது சிலர் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள்.

மருத்துவச்சியின் கதைக்குப்பின் ஒன்று நிகழ்ந்தது. அடுத்த சனிக்கிழமை ஐவரும் ஆறாங்குளத்துச் சத்திரத்தை அடைந்தபொழுது, பகடையை உருட்டிவிட்டுப் புதிய வதந்தியொன்றை வாசித்தேன்: ஐந்தாங்குளத்து மருத்துவச்சிக்கு நஞ்சு விற்றவர்கள் ஐவர், ஒருவனிடம் நீண்ட வாள், இந்தப் பக்கமாகவே வருகிறார்களாம். மேசையிலே சிறிது நேரம் மௌனம் நிலவியது. தாம் கேட்டறிந்த உண்மையை எடுத்துரைக்க அவர்களுக்கு அந்நாட்டிலே ஒரு நீதிமன்றமும் இல்லை. என் கொப்பியின் ஓரத்தை எவருக்கும் எடுத்துக் காட்டவும் இயலாது. வீரனாக ஆடும் நண்பன் வாளைக் கழற்றிக் கதவருகே சாத்திவைத்தான். பிறகு சத்திரக்காரியிடம் போய், இதை அவளுக்குச் சொன்னது யார் என்று மிகவும் பணிவாகக் கேட்கத் தொடங்கினான்.